எந்த நிலையில் இருந்தவரிடம் சம்மதம் கேட்பது? பார்க்கின்சன் அறுவைக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எடுத்ததற்குக் காரணம்

பார்க்கின்சன் நோய்க்காக மூளையில் மின்கம்பி வைக்கும் அறுவையைப் பற்றிப் பேச்சு வந்தால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு வகை வீடியோ. ஒருவருடைய கை விடாமல் உதறிக்கொண்டிருக்கும். டாக்டர் ஒரு கருவியில் பொத்தானை அழுத்துவார். சில நொடிகளில் கை அடங்கும். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கைக்கு உரியவர் வீட்டுக்குப் போனபின் எப்படி நடந்துகொண்டார், எதற்குச் சிரித்தார், எதில் பணத்தைப் போட்டார் என்பதெல்லாம் வீடியோவுக்குள் வராது.

இங்கே பதிவு செய்வது நெதர்லாந்தில் நடந்தது. மாஸ்டிரிக்ட் நகரின் மனநல மருத்துவர் ஆல்பர்ட் லேன்ட்யென்ஸும் அவருடைய சக மருத்துவர்களும் 2004இல் அந்நாட்டு மருத்துவ இதழில் எழுதிய ஒரு நோயாளியின் நிகழ்வு. ஆண், வயது 62, பெயர் வெளியிடப்படவில்லை. மருத்துவ அறம் பற்றிய விவாதங்களில் இந்த மனிதர் இருபது வருடமாக மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறார். இத்தனைக்கும் அவருக்கு அறுவை தோற்கவில்லை. கைகால் விஷயத்தில் அது ஜெயித்தது. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

பின்னணி

பார்க்கின்சனில் நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. முதல் சில வருடங்கள் லெவோடோபா மாத்திரை நன்றாகவே கைகொடுக்கும். நம் ஊரில் சின்டோபா என்ற பெயரில் பலர் இதை அறிவார்கள். அப்புறம் கணக்கு குழம்பும். மாத்திரை வேலை செய்யும் நேரம் சுருங்கிக்கொண்டே வரும். வேலை செய்யும் நேரத்திலோ உடம்பு தன் இஷ்டத்துக்கு நெளியும், ஆடும். நோயாளிகளே இதை ‘ஆன்’, ‘ஆஃப்’ என்றுதான் சொல்வார்கள். ஆஃபில் கட்டிலில் புரண்டு படுக்க ஆள் வேண்டும். ஆன் ஆனதும் அதே மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். ஒரே நாளில் இது பல முறை நடக்கும்.

இந்த ஏற்ற இறக்கம் தாங்க முடியாமல் போகும்போதுதான் ஆழ்மூளைத் தூண்டல், அதாவது டிபிஎஸ், பேச்சுக்கு வருகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலீம் லூயி பெனபீட் 1987இல் நடுக்கத்துக்காக மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் இதைத் தொடங்கினார். 1993இல் அதே குழு தலாமஸுக்குக் கீழே இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸுக்கு இலக்கை மாற்றியது. நடுக்கம் மட்டுமில்லாமல் விறைப்பு, மந்தம் எல்லாம் குறைந்ததால் உலகம் முழுக்க அந்த இடமே பிடித்துப்போயிற்று. அமெரிக்காவில் பார்க்கின்சனுக்கு இதற்கு 2002இல் அனுமதி கிடைத்தது.

கருவி எளிமையானதுதான். 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பி. அதன் நுனியில், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில், நான்கு தொடுமுனைகள். மூளைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி. அங்கிருந்து தோலுக்கடியில் காதுக்குப் பின்னால் இறங்கும் வயர், காறை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரிப் பெட்டியில் சேரும். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் போலத்தான் இருக்கும். பெரும்பாலும் நொடிக்கு 130 துடிப்பு. எந்த முனையில், எவ்வளவு வோல்ட் என்பதை வெளியிலிருந்தே மாற்றலாம். மூளையின் ஒரு பகுதியைச் சுட்டு அழித்த பழைய அறுவைகளோடு ஒப்பிட்டு, ‘வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்’ என்பதே டிபிஎஸ்ஸின் பெரிய பெருமையாகச் சொல்லப்பட்டது. இந்த வரியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய நோயாளிக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸில்தான் கம்பி போனது. உடல் அசைவு நன்றாகவே மேம்பட்டது.

என்ன கவனிக்கப்பட்டது

அறுவைக்குப் பின் அவருடைய நடத்தை மாறியது. தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வந்தது. பணம் தண்ணீராய் ஓடியது. திருமணமான ஒரு பெண்ணோடு உறவு ஏற்பட்டது. அந்தப் பெண்ணுக்காக ஒரு வீடு, வெளிநாட்டில் ஒரு விடுமுறை வீடு. கார்கள் வாங்கினார், ஒன்றல்ல, பல. அவற்றை ஓட்டி விபத்துகளில் சிக்கினார். கடைசியில் ஓட்டுநர் உரிமம் பறிபோயிற்று. கடன் தலைக்கு மேல் ஏறியது. இத்தனைக்கும் நடுவில் தனக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். மருத்துவர்கள் இதைப் பித்துநிலை, அதாவது மேனியா என்று வகைப்படுத்தினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மாற்றத்தின் ஆரம்ப வாரங்களை யாருமே நோயாகப் பார்ப்பதில்லை. பத்து, பதினைந்து வருடம் ஒடுங்கிக் கிடந்தவர் எழுந்து நடக்கிறார். நிறையப் பேசுகிறார், ஊருக்குப் போகலாம் என்கிறார், வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்கிறார். குடும்பத்துக்கு அது மறுபிறவிபோல் தெரியும். சந்தோஷத்தில் இருக்கிறார், விடுங்கள் என்பார்கள். சந்தோஷம் எங்கே முடிகிறது, பித்து எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்ட வீட்டில் ஆள் கிடையாது. கிளினிக்கிலும் அவருடைய விரலைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, மதிப்பெண் போட்டு, பிரமாதம் என்று அனுப்பிவிடுவார்கள். தூக்கம் எத்தனை மணி நேரம், வங்கிக் கணக்கு இப்போது யார் கையில் என்ற இரண்டே கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். யாராவது கேட்டால்தானே.

சிகிச்சை: மருந்தும் மின்சாரமும்

முதலில் வழக்கமான வழியே போனார்கள். மருத்துவமனையில் சேர்த்து, மனநிலையைச் சீராக்கும் மருந்துகள் கொடுத்தார்கள். பித்துநிலை அடங்கவில்லை.

அப்புறம் கருவியின் அளவை மாற்றினார்கள். பித்துநிலை விலகியது. வெறும் அடக்கம் மட்டும் வரவில்லை. நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் தெளிவும் வந்தது. என்ன செய்தோம், எவ்வளவு கடன் வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. சுயமாக முடிவெடுக்கும் தகுதி அவருக்கு இருக்கிறது என்று மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஆனால் உடம்பு போயிற்று. தூண்டலை நிறுத்தும்போது பொதுவாக இது ஒரு வரிசையில் நடக்கும். நடுக்கம் சில நிமிடங்களிலேயே திரும்பும். விறைப்பும் மந்தமும் அதற்குப் பின்னால் வரும். நடை, நிமிர்ந்து நிற்பது, பேச்சு இவை சில மணி நேரத்தில் கழன்றுபோகும். நோய் அத்தனை வருடம் எடுத்துக்கொண்டு பறித்ததை ஒரு பகலில் மறுபடி பறிப்பதைப் போல இருக்கும். இவர் படுத்த படுக்கையானார். பித்தும் வராமல் உடம்பும் விழாமல் நடுவில் ஓர் அளவு, ஒரு முனை, கிடைக்கவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மருத்துவர்கள் முன்னால் இரண்டு வழிகள்தான் நின்றன. ஒன்று, தூண்டலைக் குறைத்தே வைப்பது. அறிவு தெளிவாக இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கை வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் வாழ்நாள் கழியும். இரண்டு, தூண்டலை ஓடவிடுவது. நடப்பார், உடுப்பார், சாப்பிடுவார், ஆனால் பித்துநிலையில் இருப்பார்; மனநல மருத்துவமனையின் நீண்டகால வார்டில் அடைத்து வைக்க வேண்டியிருக்கும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

யாரிடம் கேட்பது என்பதே முதல் கேள்வி. தூண்டல் ஓடும்போது அவரைக் கேட்டால், எனக்கு ஒன்றுமில்லை, ஏன் அடைக்கிறீர்கள் என்பார். அந்தப் பதிலுக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை. ஆகவே தூண்டல் நின்றிருக்கும்போது, தெளிவாக இருப்பவரிடம் கேட்டார்கள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். கருவி ஓடட்டும், என்னை மனநல மருத்துவமனையில் சேருங்கள். அப்படியே செய்தார்கள். சட்டப்படியான கட்டாயச் சேர்க்கையாகவே அவர் அப்பகுதி மனநல மருத்துவமனைக்குப் போனார்.

அன்றைய நிலையில் மருத்துவர்கள் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். முடிவை அவர்களே எடுத்துவிட்டு அறிக்கை எழுதியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. தெளிவு இருந்த வேளையைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ஆனாலும் ஒரு நெருடல் போகவில்லை. தூண்டல் நின்ற நிலையை நாம் ‘உண்மையான அவர்’ என்று சுலபமாக எடுத்துக்கொள்கிறோம். டோபமைன் வற்றிய மூளையோடு, கட்டிலில் விறைத்துக் கிடந்து, எச்சில் துடைக்கவும் ஆளை எதிர்பார்க்கும் ஒருவரிடம், நடக்க வேண்டுமா என்று கேட்கிறோம். அந்த நிலைக்கும் அதற்கே உரிய சாய்வு உண்டு. தகுதி இருந்தது, சரி. வேதனையும் கூடவே இருந்தது. இந்த முடிவை எடுத்தவர் ஒருவர், அதை வாழப்போகிறவர் இன்னொருவர்போல. இருவருக்கும் உடம்பு ஒன்றே என்பதுதான் வித்தியாசம்.

முன்னே மனதில் வைக்கச் சொன்ன வரிக்கு இப்போது வரலாம். அணைத்துவிடலாம் என்பது கருவியைப் பொறுத்தவரை உண்மை. இந்த மனிதரைப் பொறுத்தவரை அணைப்பதற்கு ஒரு விலை இருந்தது. வாங்கிய வீடும், போன உரிமமும் சுவிட்சோடு திரும்பி வருபவை அல்ல.

மூளைக்குள் என்ன நடந்திருக்கும்

சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு மொச்சைக் கொட்டையைவிடச் சிறியது. அதற்குள்ளேயே அசைவுக்கு ஒரு பகுதி, சிந்தனைக்கு ஒரு பகுதி, உணர்ச்சிக்கு உள்பக்க நுனியில் ஒரு பகுதி. வேலிகள் கிடையாது, ஒன்றில் ஒன்று கலந்தே இருக்கும். அசைவுப் பகுதிக்கு விடும் மின்சாரம் சற்று நகர்ந்தாலோ, அளவு கூடினாலோ பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிடும்.

மில்லிமீட்டர் கணக்கு எவ்வளவு பெரியது என்பதற்குப் பாரிஸில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்; 1999இல் அது மருத்துவ இதழில் வெளியானது. 65 வயதுப் பெண், முப்பது வருடப் பார்க்கின்சன். மனச்சோர்வு முன்பு வந்ததே இல்லை. அறுவைக்குப் பின் எந்த முனை நன்றாக வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கக் கம்பியின் அடிநுனியை இயக்கியதும் அவர் ஒருபக்கமாகச் சாய்ந்து அழ ஆரம்பித்தார். வாழப் பிடிக்கவில்லை, எல்லாமே வீண் என்றார். மின்சாரத்தை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் அழுகை போயிற்று. அடுத்த ஐந்து நிமிடம் சிரித்துப் பேசி, சோதித்த மருத்துவரின் டையைப் பிடித்து விளையாட்டாக இழுத்தார். அந்த அடிநுனி இருந்தது சப்ஸ்டான்ஷியா நைக்ராவில். அவருக்கு நோய் குறைய உதவிய முனை அதற்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே.

பாரிஸ் பெண்ணுக்குத் துயரம், மாஸ்டிரிக்ட் மனிதருக்குப் பித்து. இரண்டும் ஒரே தெருவின் இரு முனைகள்.

இன்னொரு விளக்கமும் உண்டு. சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒருவகை பிரேக். இரண்டு தேர்வுகளும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்போது, பொறு, யோசி என்று நிறுத்தி வைப்பது அது. 2007இல் அமெரிக்காவில் மைக்கேல் பிராங்க் குழுவினர் நோயாளிகளுக்குத் தேர்வுப் பணி கொடுத்துப் பார்த்தார்கள். குழப்பமான தேர்வு வந்தால் எல்லோரும் நிதானிப்பார்கள். தூண்டல் ஓடிக்கொண்டிருந்தவர்களோ அந்த இடத்தில் நிதானிக்கவில்லை, சட்டென்று முடிவெடுத்தார்கள். கடையில் கார் வாங்கும்போது இது எப்படி வெளிப்படும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது எவ்வளவு அபூர்வம்

ஒரு நிகழ்வை வைத்து ஊரையே பயமுறுத்தக் கூடாது என்பதால் சில எண்கள். 2006இல் மாஸ்டிரிக்ட் குழு அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்தது. மிதமான பித்து உட்பட பித்துநிலை சுமார் 4 சதவீதத்தினரிடம், மனச்சோர்வு சுமார் 8 சதவீதத்தினரிடம் பதிவாகியிருந்தது. 2008இல் வெளிவந்த பல மையங்களின் கூட்டாய்வு 5311 பேரைப் பார்த்தது. அவர்களில் 24 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் வருடத்திலேயே அந்த அபாயம் அதிகம். அந்த ஒரு வருடத்தில் நெருங்கிக் கவனிக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

அறிவுத்திறனில் அடிக்கடி தென்படுவது இவ்வளவு நாடகத்தனமானது அல்ல. ‘க’வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ சொல்லுங்கள் என்று கேட்டால், கண், கல், கதவு, கடலை என்று வேகமாக ஆரம்பித்து, அறுவைக்கு முன் சொன்னதைவிடக் குறைவான சொற்களில் நின்றுவிடுவார்கள். ஜெர்மனியில் 123 பேரை வைத்து நடந்து 2008இல் வெளியான ஒப்பீட்டு ஆய்விலும் இதுவே தெரிந்தது. சொல்லெடுக்கும் வேகம் குறைந்தது, ஆனால் ஒட்டுமொத்த அறிவுத்திறன் சரியவில்லை. வீட்டில் இதை ‘அப்பா இப்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாமே மின்சாரத்தின் வேலை என்றும் சொல்ல முடியாது. சப்தலாமிக் அறுவைக்குப் பின் மாத்திரையைப் பாதி அளவுக்குக் குறைப்பது வழக்கம். வேகமாகக் குறைத்தால் எதிலும் நாட்டமில்லாத சோம்பல் வரும். குறைக்காமல் விட்டால், முக்கியமாக டோபமைனைப் போலவே மூளையில் வேலை செய்யும் டோபமைன் அகோனிஸ்ட் வகை மாத்திரைகளால், சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு போன்றவை தலைதூக்கும். ஆகவே நடத்தை மாறினால் முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது.

மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற வகையும் உண்டு. 2006இல் பாரிஸில் 29 பேரை நேர்கண்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துணையோடு வாழ்ந்த 24 பேரில் 17 பேர் வீட்டில் பிணக்கு. அறுவைக்கு முன் வேலை பார்த்த 16 பேரில் 9 பேர்தான் வேலைக்குத் திரும்பினார்கள். பல வருடம் ஒருவர் நோயாளி, இன்னொருவர் பார்த்துக்கொள்பவர் என்று வீடு பழகிவிட்டது. ஒருவர் திடீரென்று எழுந்துகொண்டால் மற்றவர் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறார். இதற்கு எந்த முனையிலும் வோல்ட் மாற்ற முடியாது.

பின்னர் மாறியவை, இன்னும் மாற வேண்டியவை

அந்த மனிதர் தெளிவான நேரத்தில் சொன்னது தெளிவற்ற நேரத்தில் தன்னையே கட்டுப்படுத்தியது. இதற்கென்று ஒரு சட்ட வடிவம் நெதர்லாந்தில் 2008இல்தான் வந்தது. மனநோயாளி ஒருவர் நலமாக இருக்கும்போதே, நோய் முற்றினால் என் மறுப்பையும் மீறி இன்ன சிகிச்சை கொடுங்கள் என்று எழுதி வைக்கலாம். 2020இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. இந்தியாவில் 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதவும், நம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் இடம் தருகிறது. டிபிஎஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர் இதை அறுவைக்கு முன்பே எழுதி வைப்பது நல்லது என்பது என் எண்ணம். லட்சக்கணக்கான ரூபாய் செலவைப் பற்றிப் பேசும் அதே சந்திப்பில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம்.

தொழில்நுட்பமும் நகர்ந்திருக்கிறது. மின்சாரத்தைச் சுற்றிலும் பரவவிடாமல் ஒரு பக்கமாகத் திருப்பும் கம்பிகள் வந்துவிட்டன. மூளையில் குளோபஸ் பாலிடஸ் என்ற வேறொரு பகுதியும் இலக்காகக் கையில் இருக்கிறது. 299 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் உடல் அசைவைப் பொறுத்தவரை இரண்டு இலக்குகளும் ஏறக்குறைய சமம். மனச்சோர்வு மதிப்பெண் சப்தலாமிக்கில் சற்றே மோசமாகி, மற்றதில் சற்றே மேம்பட்டிருந்தது. ஆனால் மாத்திரையை அதிகம் குறைக்க முடிவது சப்தலாமிக்கில்தான். இன்று மாஸ்டிரிக்ட் மனிதரைப் போன்ற ஒருவர் வந்தால், இரண்டே வழி என்று சொல்வதற்கு முன் கம்பியின் இடத்தை ஸ்கேனில் மறுபடி பார்ப்பார்கள், முனைகளை மாற்றுவார்கள், இலக்கை மாற்றி மறு அறுவை செய்யலாமா என்று யோசிப்பார்கள். மூன்றாவது வழி கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. தேடுவதற்கு இடம் கூடியிருக்கிறது.

பின்தொடர்தல் வருகைகளில் நோயாளியோடு வந்தவரைத் தனியாக ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேச வேண்டும். நோயாளி எதிரில் இருந்தால் மனைவியோ மகனோ வாய் திறக்க மாட்டார்கள். நம் வீடுகளில் இன்னும் அதிகம். அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், புதிதாக என்ன வாங்கினார், யாரோடு சண்டை, வண்டி ஓட்டுகிறாரா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரியானால் சில வருடங்களில் தீர்ந்துவிடும். மாற்றுவது சின்ன அறுவைதான், என்றாலும் சம்மதப் படிவம் உண்டு. பித்துநிலையில் வார்டில் நடமாடும் ஒருவருக்கு பேட்டரி தீரப் போகிறது என்று வையுங்கள். அது தானாகத் தீரும்வரை காத்திருந்து, அவர் படுத்தபின் தெளிவாகக் கேட்பதா, அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே படிவத்தை நீட்டுவதா என்பதை யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.